தொட்டிமேட்டுக்குப் பதினான்கு மூட்டை

நவம்பர் பதினாறாம் தேதி, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். காலையிலிருந்து பெய்த மழை அப்போதுதான் தூறலாகி நின்றிருந்தது. மூட்டம் பள்ளத்துக்குள் இறங்கி, எதிர்ச் சரிவில் பாதித் தேயிலை கண்ணுக்குத் தெரியவில்லை. பதினோராம் நம்பர் தேயிலைக் காட்டில் எடை போட்டு முடித்து, பிக்கப்பில் நாற்பது மூட்டைக் கொழுந்தை ஏற்றிக் கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.

தோட்டத்துப் பழைய வண்டிகளில் ஸ்டியரிங் பிடிக்க வந்திருக்கும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். வண்டி ஓட்டுவது எப்படி என்று நான் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் லைசென்ஸ் கொடுத்தவர்களைத்தான் கேட்க வேண்டும். பாரம் ஏற்றிய பழைய வண்டியோடு நிற்கும் ஒருவன், எதை வைத்துக்கொள்வது எதைத் தூக்கிப் போடுவது என்று திடீரென்று முடிவெடுக்க வேண்டி வந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் சொல்ல வருகிறேன். யோசிப்பதற்கு அன்று எனக்குக் கிடைத்தது ஒரு கயிற்றை அவிழ்க்கும் நேரம்.

நான் ஐந்தாம் படிவம் வரை, அதாவது பள்ளிக்கூடம் முடியும்வரை படித்தவன். முதலில் ஸ்டோரில் கணக்கெழுத எடுத்தார்கள். டிரைவர் இல்லாத ஒரு சமயத்தில் வண்டிக்கு அனுப்பினார்கள், அப்படியே அறுபது வயதுவரை வண்டியிலேயே இருந்துவிட்டேன். ஸ்டோரில் ஒட்டிக்கொண்ட பழக்கம் மட்டும் போகவில்லை. எண்ணாமல் எனக்கு நிம்மதி வராது. மூட்டையை எண்ணுவேன், சக்கரத்து நட்டை எண்ணுவேன், வளைவுகளை எண்ணுவேன். வீட்டில் தோசையை எண்ணாதீர்கள் என்று மனைவி சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள்.

மழை நாளில் நம் கணக்குப்பிள்ளை, கிராணி, எடை போட்டுக் கூப்பிடுகிறாரே, அது சம்பளத்துக்கான எடை. இலையில் தங்கியிருக்கும் தண்ணீருக்கென்று மூட்டைக்கு நாலு கிலோ கழித்துத்தான் கூப்பிடுவார். அதை மனதில் கூட்டிக்கொண்டு, ஒரு டன்தான் இருக்கும் என்று கிளம்பும் டிரைவர்களை நான் பார்த்திருக்கிறேன். கழித்த தண்ணீர் வண்டியை விட்டு இறங்கிப் போவதில்லை. அன்றைக்கு மூட்டைக்கு இருபத்தேழு என்று கூப்பிட்டார். வண்டி சுமந்தது முப்பத்தொன்று. நாற்பது மூட்டைக்கு ஆயிரத்து இருநூற்று நாற்பது கிலோ ஆகிறது. அது ஒரு டன் வண்டி, வயதும் முப்பதைத் தாண்டிவிட்டது. முப்பது மூட்டைக்கு மேல் வேண்டாம் என்றேன். லாரி மேல்காட்டில் மாட்டிக்கொண்டுவிட்டது, இன்றைக்கே பேக்டரிக்குப் போகாவிட்டால் கொழுந்து கெட்டுவிடும், மெதுவாகப் போனால் போதும் என்றார் கிராணி. மெதுவாகப் போவது எனக்குக் கைவந்ததுதான். முனகிக்கொண்டே ஏற்றினேன்.

வழியையும் சொல்லிவிடுகிறேன், உங்களில் சிலர் அந்தப் பக்கம் இன்னும் போகவில்லை. பதினோராம் நம்பர் பள்ளத்திலிருந்து வெளியே வர ஒரே பாதைதான். முதலில் ஒரு கிலோமீட்டர் செம்மண் ஏற்றம். உச்சியில் தண்ணீர்த் தொட்டி இருப்பதால் அதைத் தொட்டிமேடு என்பார்கள். அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் தார் ரோடு, முழுக்க இறக்கம், ஏழு வளைவு. அது போய்ச் சேருவது பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜாவுக்குப் போகும் பெரிய ரோட்டில்.

என் வண்டி நாலு சக்கரமும் இழுக்க வேண்டிய வண்டி. முன் சக்கரத்துக்கு இழுவை கொடுக்கும் பகுதி உடைந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கம்போங் ராஜாவில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் சீனர் அந்தச் சாமானைத் தேடிக்கொண்டே இருந்தார். போகும்போதெல்லாம் அடுத்த வாரம் என்பார். ஆகவே பின் சக்கரம் இரண்டும்தான் இழுத்தன. பின்னால் பாரம் இருந்தால் அவை மண்ணைக் கடிக்கும். இல்லாவிட்டால் கடிக்காது. அந்த மார்ச் மாதம் ஒரு மழை நாளில் வெறும் வண்டியோடு தொட்டிமேட்டில் ஏறப் பார்த்தேன். இரண்டாவது வளைவில் சக்கரம் சும்மா சுற்றியது, வண்டி பின்னால் வழுக்கி வாய்க்காலில் உட்கார்ந்துவிட்டது. மறுநாள் காலை டிராக்டர் வந்துதான் இழுத்தது. வெறும் வண்டி லேசு, அதனால் சுலபமாக ஏறும் என்று பாரம் ஏற்றாதவர்கள் நினைப்பார்கள். ஈரச் செம்மண்ணில் அப்படி இல்லை.

இனி அன்று நடந்தது.

எடை முடிந்த பிறகும் தேவகி மட்டும் திரும்ப நிரைக்குப் போயிருந்தாள். கடைசியில் நாலு செடி வெட்டாமல் விட்டுப்போனதாம். அரைகுறையாக விட்டுவிட்டு வர அவளுக்கு மனம் வராது. முப்பது வருஷமாகக் கொழுந்து எடுப்பவள். குனிந்து கத்திரியை ஓட்டியபோது செடிக்கு அடியில் இருந்த குளவிக் கூட்டில் பட்டுவிட்டது. மலாய்க்காரர்கள் தெபுவான் என்பார்களே, அந்தப் பெரிய குளவி. சத்தம் கேட்டு நாங்கள் திரும்பியபோது அவள் வாய்க்காலுக்குள் விழுந்து கிடந்தாள். அவள் புருஷன் முனியாண்டி அதே காட்டில் மேலே வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தான். ஈரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கி ஓடி, அவளை முதுகில் தூக்கிக்கொண்டு வந்தான். அவனுக்கும் ஐந்தாறு கொட்டு இருக்கும்.

அவள் முகத்தைப் பார்த்தேன். கண் இரண்டும் மூடி, உதடு தடித்து, மூச்சு விசில் மாதிரி வந்தது. கழுத்திலும் ஒரு கையிலும் மட்டும் இருபத்து மூன்று கொட்டு எண்ணினேன். அதோடு எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

பள்ளத்தில் போனுக்கு லைன் கிடைக்காது. கிராணி தன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தொட்டிமேட்டுக்குப் போனார், ஆம்புலன்சைப் பெரிய ரோட்டு முச்சந்திக்கு வரச் சொல்ல. ஆம்புலன்ஸ் அந்த மண் பாதையில் இறங்க முடியாது. அவளை மோட்டாரில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோய்விடலாம் என்று ஒருவர் சொன்னார். அவள் தலையே நிற்கவில்லை. ஆக, அவளை முச்சந்திக்குக் கொண்டுபோவது என் வண்டியின் பொறுப்பு. அந்த வண்டியில் நாற்பது மூட்டை இருந்தது.

நாற்பதோடு போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஏறிவிடும், ஆனால் முதல் கியரில், நடுவில் இரண்டு தடவை எஞ்சின் சூடு ஆற நிற்க வேண்டும். இறக்கத்தில் பிரேக் தாங்காது, அங்கேயும் முதல் கியர். ஐம்பது நிமிடம். ஒன்றும் இல்லாமல் போனால் இரண்டாவது வளைவில் வாய்க்கால். இரண்டுக்கும் நடுவில் ஒரு கணக்கு இருந்தாக வேண்டும். ஏற்றத்தில் சக்கரம் கடிக்கும் அளவுக்குப் பாரம்; இறக்கத்தில் பிரேக் பிடிக்கும் அளவுக்கு லேசு. ஈர மண்ணில் நானூற்றிருபது கிலோவுக்குக் குறைந்தால் பின் சக்கரம் விளையாட்டுக் காட்டும் என்பது எனக்கு அனுபவம். முப்பத்தொன்றால் வகுத்தேன். பதின்மூன்று போதாது. பதினான்கு.

"பின்னால இருக்கிறத எல்லாம் தள்ளுங்க. முன்னால கேபின ஒட்டி பதினாலு மூட்டை இருக்கட்டும்," என்றேன்.

பதினைந்து பேர் இருந்தார்கள், பாதிப் பேர் வங்காளதேசத்துக்காரர்கள். கயிறு அவிழ்ந்ததும் மூட்டைகள் பறந்தன. அவரவர் அன்றைய உழைப்பு அது, ஆனாலும் யாரும் தயங்கவில்லை. இருபத்தாறு என்று எண்ணியதும் போதும் என்று கை காட்டினேன். மற்றவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். முனியாண்டி நிறுத்தவில்லை. வண்டி மேலே ஏறி அடுத்த மூட்டையைப் பிடித்தான். நான் அவன் கையைப் பிடித்தேன்.

"ஏன், இத எதுக்கு வச்சிருக்கே?"

"பதினாலு இருக்கணும் முனியாண்டி. இல்லேன்னா மேட்டுல ஏறாது."

"வெறும் வண்டி ஏறாதா? யாருகிட்ட கதை விடுற? அவளுக்கு மூச்சு அடைக்குது, நீ தொரைக்குக் கொழுந்து காப்பாத்துறியா?"

இருபது வருஷமாக என்னை அண்ணே என்று கூப்பிட்டவன். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவன் இடத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் பேசியிருப்பார்கள். கூட்டத்தில் இருந்த ஒரு பெண் பிள்ளை, "எண்ணட்டும் விடுலா, பொணத்தையும் சேத்து எண்ணட்டும்," என்றாள். அதுவும் காதில் விழுந்தது.

தம்பிகளே, இந்த மாதிரி நேரத்தில் விளக்கம் சொல்ல உட்காராதீர்கள். மார்ச் மாதம் வாய்க்காலில் விழுந்ததை, தண்ணீர் எடையை, பின் சக்கரத்தை எல்லாம் நான் அங்கே சொல்லத் தொடங்கியிருந்தால் இன்னும் நாலு பேர் குறுக்கே பேசியிருப்பார்கள். சொல்ல வேண்டியதை ஒரு வரியில் சொன்னேன், திரும்பவும் அதே வரியைச் சொன்னேன். "பதினாலு இல்லேன்னா ஏறாது." பிறகு தேவகியைத் தூக்கக் கீழே இறங்கிவிட்டேன்.

அங்கேதான் தவறு நடந்தது. அவளைக் கேபினில் சாய்த்து உட்காரவைத்து, நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு துண்டைக் கட்டி, கதவைச் சாத்தும்வரை என் கண் பின்பக்கம் போகவில்லை. முனியாண்டி ஓடிவந்து மறுபக்கம் ஏறி அவளைப் பிடித்துக்கொண்டான். நான் வண்டியை எடுத்துவிட்டேன். எல்லாவற்றையும் எண்ணுகிறவன், கிளம்பும் முன் ஒரு தடவை திரும்பிப் பார்த்து எண்ணவில்லை.

ஏற்றத்தில் முதல் வளைவு ஒழுங்காகப் போயிற்று. இரண்டாவது வளைவில் சக்கரம் சுற்றியது. எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. பின்பக்கம் ஒரு சாண் வழுக்கி வாய்க்கால் பக்கமாகத் திரும்பியது. ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுத் தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு மூட்டை இருந்தது.

"ரெண்டு எங்க?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. "நாந்தான் தள்ளினேன்."

கோபம் வந்தது. அது வந்து போகக்கூட நேரம் இல்லை. பாரத்துக்குக் கல் பொறுக்கிப் போட்டிருக்கலாமே என்று பிறகு கேட்டவர்கள் உண்டு. அந்த வளைவில் கல் கிடையாது, மண்தான். தள்ளிய இரண்டு மூட்டை அறுபத்திரண்டு கிலோ. முனியாண்டியைப் பார்த்தேன். வாய்க்கால் வெட்டுகிற உடம்பு, அறுபத்தைந்துக்குக் குறையாது.

"எறங்கு. பின்னால ஏறு."

"இவள விட்டுட்டா?"

"நான் பாத்துக்கிறேன். நீ ஏறினாத்தான் வண்டி ஏறும்."

அவன் அவள் கையை உடனே விடவில்லை. அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகத்தான் பிரிக்க வேண்டியிருந்தது. பிறகு இறங்கி ஓடி, பின்னால் பம்பரில் ஏறி நின்றான். நம் தோட்டத்தில் எல்லோரும் செய்வது அதுதான். வண்டி மாட்டிக்கொண்டால் நாலு பேர் பின் பம்பரில் ஏறிக் குதிப்பார்கள். தட்டையான சேற்றில் அது சரி. ஏற்றத்தில் வால் பக்கம் பாரம் ஏறினால் மூக்கு தூக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் முன் சக்கரம் கேட்காது. பேக்டரியில் சீக்கிரம் இறக்குவதற்காக மூட்டைகளை வால் பக்கமாகவே குவிக்கிறீர்களே, அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எத்தனை மூட்டை என்பது பாதிக் கணக்கு. எங்கே என்பது மீதிப் பாதி.

"அங்க நிக்காத. முன்னால வா. கேபின ஒட்டி மூட்டை மேல படு," என்று கத்தினேன்.

அவன் மூட்டைகளின் மேல் தவழ்ந்து முன்னால் வந்து குப்புறப் படுத்துக்கொண்டான். கேபினின் பின் கண்ணாடி எப்போதோ உடைந்துபோய் பிளாஸ்டிக் ஷீட்தான் ஒட்டியிருந்தது. அதை ஒரு கையால் கிழித்துக்கொண்டு உள்ளே கையை நீட்டி அவள் தோளைப் பிடித்தான். நான் ஹேண்ட்பிரேக்கை விட்டேன். சக்கரம் ஒரு சுற்று சும்மா சுற்றியது. இன்னொரு அரைச் சுற்று. பிறகு கடித்தது.

அதன் பிறகு அந்த மேட்டில் நான் காலை எடுக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை. நின்றால் மறுபடியும் கிளம்பாது. அவள் தலை என் தோளில் சாய்ந்திருந்தது. மூச்சின் விசில் சத்தம் நடுவில் நிற்கும், நான் அவளைப் பார்ப்பேன், மறுபடி வரும். தூங்கவிடக்கூடாது என்று தோன்றியது. என்ன பேசுவது என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததைக் கேட்டேன்.

"தேவகி, இன்னிக்கு எத்தன கிலோ?"

உதடு அசைந்தது. பதில் வர ரொம்ப நேரம் ஆயிற்று. "எம்பத்தொண்ணு."

"மூணு மூட்டையா?"

"மூணு." மூச்சு வாங்கினாள். "பன்னெண்டு கிலோ... தண்ணிக்குன்னு வெட்டிட்டான். கிராணி."

"அவர கேட்டுடலாம்."

"என் மூட்டை மேல இருக்கா அண்ணே? மஞ்சத் துணி கட்டினது."

அவளுடைய மூன்று மூட்டையும் கடைசியாக எடை போட்டவை, வால் பக்கம் இருந்தவை. முதலில் தள்ளப்பட்டதே அவைதான். பின்னாலிருந்து முனியாண்டியின் குரல் வந்தது.

"இருக்கு புள்ள. அது மேலதான் நான் படுத்திருக்கேன்."

அவனுக்கும் தெரியும். அவன் கையாலேயே தள்ளியவை அவை.

உச்சியில் கிராணி மோட்டாரோடு நின்றிருந்தார். ஆம்புலன்ஸ் தானா ராத்தா ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பிவிட்டது என்றார். முனியாண்டி கீழே குதித்துக் கேபினுக்குள் வந்தான். இனி இறக்கம்தானே, மீதியையும் தள்ளிவிடலாம் என்று கிராணி சொன்னார். அது நல்ல மனதோடு சொன்ன யோசனை. இரண்டு நிமிடம் ஆகும். அதைவிட, ஈரத் தாரில் வால் வெறுமையாக இருக்கும் பழைய வண்டி வளைவில் பிரேக் போட்டால் துள்ளும், பின்பக்கம் விலகும். பன்னிரண்டு மூட்டை பிரேக்குக்குப் பெரிய பாரம் இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு இரண்டாவது கியரில் இறங்கினேன். முனியாண்டி என் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தான். மூன்றாவது கியர் போடலாம் என்று அவனுக்குத் தெரியும், போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஐந்தாவது வளைவுக்குப் பிறகு பிரேக் கருகும் வாசனை லேசாக வந்தது. ஏழாவதைத் தாண்டியபோது முச்சந்தியில் ஆம்புலன்சின் விளக்கு தெரிந்தது. அது வந்து நின்று ஒரு நிமிடம் ஆகியிருக்கவில்லை.

ஊசி போட்டார்கள், மூக்கில் காற்றுக் குழாய் வைத்தார்கள். எத்தனை மணிக்குக் கொட்டியது என்று கேட்டார்கள். மூன்று பத்து என்றேன். அந்த ஒரு எண்ணுக்குத்தான் அன்று யாரும் என்னிடம் முகம் சுளிக்கவில்லை. முனியாண்டி ஆம்புலன்சில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். என்னைப் பார்க்கவில்லை.

வண்டியில் பன்னிரண்டு மூட்டை மிச்சம் இருந்தது. என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு மூட்டைக்கும் சொந்தக்காரர்கள் இருந்தார்கள், அவர்களுக்கும் அன்றைய சம்பளம் வேண்டும். நேரே பேக்டரிக்குப் போய் இறக்கினேன். மேல் மூட்டைகள் ஆள் படுத்த அச்சோடு நசுங்கியிருந்தன, அதற்காகப் பேக்டரியில் ஒன்றும் கழிக்கவில்லை. இரவுக்குள் லயத்து வீடுகளில் செய்தி பரவிவிட்டது. ஆளை இறக்கிவிட்டு அடுத்த நிமிடமே கொழுந்தைப் பேக்டரியில் சேர்த்துவிட்டான், அதற்காகத்தான் அத்தனை பிடிவாதம் பிடித்தான் என்று பேசிக்கொண்டார்கள். என் மனைவிக்குத் தண்ணீர்க் குழாயடியில் அதைச் சொல்லியிருக்கிறார்கள். அவள் வந்து என்னிடம் கேட்டாள். நான் பதினான்கு என்றேன். அவள் சாப்பாடு போட்டாள்.

பள்ளத்தில் கிடந்த இருபத்தெட்டு மூட்டையும் மறுநாள் காலைக்குள் சூடேறிச் சிவந்துவிட்டன. பேக்டரி எடுத்துக்கொள்ளவில்லை. பேக்டரித் தராசில் ஏறாத கொழுந்துக்குச் சம்பளம் கிடையாது என்பது ஆபீஸ் வழக்கம். தோட்டத்துத் துரை நல்லவர்தான். மேலே எழுதிப் போடுகிறேன் என்றார். பதில் எப்போது வரும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மூட்டைக்காரர்கள் யாரும் என்னிடம் வந்து கேட்கவில்லை. ஆனால் தள்ளச் சொன்னது நான், கொடுக்க வேண்டியதும் நான்தான். கிலோவுக்கு முப்பத்தைந்து காசு. கிராணி இருபத்தேழு கிலோவுக்குக் கொடுத்தால் போதும் என்றார். பாரம் முப்பத்தொன்று என்று கணக்குப் போட்டுத்தான் நான் தள்ளவே சொன்னேன், சம்பளத்துக்கு மட்டும் எப்படி இருபத்தேழு ஆக்குவது. இருபத்தெட்டு மூட்டைக்கு முந்நூற்று மூன்று வெள்ளி எண்பது காசு. ஞாயிற்றுக்கிழமை அவரவர் வீட்டு வாசலில் நின்று கொடுத்தேன். பெரும்பாலோர் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். பிணத்தை எண்ணச் சொன்ன பெண் பிள்ளை மட்டும் காப்பி குடிக்கிறீங்களா என்று கேட்டாள்.

தேவகி பிழைத்துவிட்டாள் என்று மூன்றாம் நாள் தெரிந்தது. அதோடு முடியவில்லை. விஷம் சிறுநீரகத்தைப் பிடித்துக்கொண்டது. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ் செய்தார்கள். நிரந்தரமாகவே அப்படித்தானோ என்று டாக்டர்கள் சொல்ல முடியாமல் இருந்தார்கள். அந்த வாரங்களில் நான் தூங்கியது குறைவு. பதினான்கு சரிதானா? பத்தோடு ஏறியிருக்குமோ, இன்னும் நாலு நிமிடம் முன்னால் போயிருக்கலாமோ? இரண்டாவது வளைவில் நின்ற நேரத்தை எந்தப் பக்கம் எழுதுவது? நிமிடத்துக்கும் சிறுநீரகத்துக்கும் சம்பந்தம் உண்டா என்று டாக்டரைக் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. உண்டு என்று சொல்லிவிட்டால் பிறகு என்ன செய்வது.

இதை உங்களிடம் ஒளிக்க விரும்பவில்லை. பாரத்தைப் பற்றி நீங்கள் எடுக்கும் முடிவு சரியாக இருந்தால் ஒன்றும் நடக்காது. வண்டி வழுக்காது, கவிழாது, வாய்க்காலில் விழாது. நடக்காததை யாருக்கும் காட்ட முடியாது. பார்த்தவர்களுக்குத் தெரிந்தது, ஒருத்தி மூச்சுக்குத் தவித்தபோது நான் மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது மட்டும்தான். நன்றி வரும் என்று நினைத்து முடிவெடுக்காதீர்கள். திட்டு விழுமே என்று பயந்தும் மாற்றிக்கொள்ளாதீர்கள். கடைசிக் கை வண்டியை விட்டு எடுபட்ட பிறகு, எத்தனை அவசரம் என்றாலும், பின்னால் போய் ஒரு தடவை எண்ணிவிட்டு ஏறுங்கள். அன்று நான் அதைச் செய்திருந்தால் அந்த வளைவில் அவன் அவள் விரலைப் பிரிக்க வேண்டி வந்திருக்காது.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, மாலை. முனியாண்டி மோட்டாரில் என் வீட்டுக்கு வந்தான். அதுவரை வழியில் பார்த்தாலும் தலையைக் குனிந்துகொண்டுதான் போவான். ஈப்போவிலிருந்து நேரே வந்தது போலத் தெரிந்தது, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. என் மனைவி உட்காரச் சொன்னாள். அவன் உட்காரவில்லை.

"டயாலிசிஸ நிறுத்திட்டாங்க," என்றான். "கிட்னி தானா வேலை செய்யுதாம். அடுத்த வாரம் வந்துருவா. இனிமே கொழுந்து எடுக்க மலைக்கு மட்டும் அனுப்பாதன்னு சொன்னாங்க."

நல்லது என்றேன். என் மனைவி அடுப்படிக்குள் போய்விட்டாள், அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு இருபது வெள்ளித் தாளும் இரண்டு ஒரு வெள்ளித் தாளும் எடுத்து மேசை மேல் வைத்தான்.

"ரெண்டு மூட்டைக்கு. நீங்க வேணாம்னு சொல்லியும் தள்ளினது. அத நீங்க குடுத்திருக்கக் கூடாது."

அடுப்படி வாசலில் நின்று மனைவி வாங்காதே என்று கண்ணைக் காட்டினாள். ஆஸ்பத்திரிக்கும் ஈப்போவுக்கும் அலைந்தவன், அவனிடம் போய் வாங்குவதா என்பது அவள் எண்ணம். எனக்கும் அது தோன்றாமல் இல்லை. ஆனால் வாங்காமல் விட்டால் அந்த இரண்டு மூட்டையும் எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்துகொண்டே இருக்கும். அவன் அதைத் தூக்க வந்திருக்கிறான். நான் எடுத்துக்கொண்டேன். அறுபத்திரண்டு கிலோவுக்கு இருபத்தொரு வெள்ளி எழுபது காசு. உள்ளே போய் மூன்று பத்துக்காசு தேடி எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தேன்.

அவன் உள்ளங்கையைப் பார்த்தான். சிரிக்கப் போகிறான் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. மூன்று காசையும் விரலால் நகர்த்தி எண்ணிப் பார்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"சரியா இருக்குண்ணே," என்றான். மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

துரை எழுதிப் போட்டதற்குப் பதில் வரவே இல்லை. ஆக, எனக்கு ஆன செலவு இருநூற்று எண்பத்திரண்டு வெள்ளி பத்து காசு.